பெண் வீட்டுக்குக் குடிபோகிற மகனுக்கு

தம்பி,

இதை நான் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் தொலைபேசியில் பேசுவதும் கோயில் ஒலிபெருக்கியில் பேசுவதும் ஒன்றுதான் என்று உனக்குத் தெரியும். எனக்குக் காது மந்தம், அதனால்தான் கத்துகிறேன் என்கிறாள் உன் அக்கா. நான் கத்துவதைக் கேட்டுக் கேட்டே எனக்குக் காது மந்தம் என்று ஊரார் முடிவுகட்டிவிட்டார்கள் என்பது என் சந்தேகம். எப்படியோ, சொல்ல வந்தது நாலுபேர் கேட்கவேண்டிய கதை அல்ல. உறையைப் பசை போட்டு ஒட்டி, அதற்கு மேல் ஒட்டுநாடாவும் சுற்றித்தான் அனுப்புவேன். பிரிந்த மாதிரி வந்து சேர்ந்தால் எனக்குச் சொல்லு.

வருகிற ஆவணியில் உனக்குக் கலியாணம். அதோடு கொழும்பு வேலையை விட்டுவிட்டு உப்புவெளியில் உன் மாமனார் வீட்டில், சரியாகச் சொன்னால் அந்தப் பிள்ளையின் வீட்டில், போய் இருக்கப்போகிறாய். நம்முடைய பகுதியில் வீடு என்பது பெண்ணுக்கு. தாய் தன் வீட்டை மகளுக்குக் கொடுப்பாள். மருமகன் ஒரு பெட்டியோடு வந்து புகுவான். ஆண்பிள்ளை தாயின் வீட்டில் பிறக்கிறான், மனைவியின் வீட்டில் வாழ்கிறான், மகளின் வீட்டில் சாகிறான். வயல் அவன் பேரில் இருக்கலாம், மாடு இருக்கலாம், உழவு மெசினும் இருக்கலாம். தலைக்கு மேலுள்ள ஓடு மட்டும் யாரோ ஒரு பெண்ணுடையது. இது இங்கே யாருக்கும் புதினமில்லை. ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீயே அந்த வாசற்படியில் ஏறும்போதுதான் அது உறைக்கும்.

போன மாதம் உனக்கு நான் சொன்ன புத்திமதிகள் நினைவிருக்கும். காணி உறுதி யார் பேரில் இருக்கிறது என்று கண்ணால் பார். உன் பெட்டிக்குப் பூட்டுப் போடு. மாமியார் கேட்காமலே இன்னொரு துண்டு மீன் வைத்தால், எதற்கு வைக்கிறார் என்று யோசி. நீ சிரித்தாய். பிறகு "ஓம் அப்பா" என்றாய். நீ "ஓம்" என்று சொல்கிற விதத்திலேயே ஒன்றும் செய்யமாட்டாய் என்று எனக்கு விளங்கிவிட்டது. இப்போது அந்தப் புத்திமதிகளில் சிலவற்றைத் திருப்பி எடுத்துக்கொள்ளத்தான் எழுதுகிறேன். எல்லாவற்றையும் அல்ல. உறுதியைப் பார்.

நான் இந்த வீட்டுக்கு மருமகனாக வந்தபோது உன் அம்மப்பா உயிரோடு இருந்தார். அம்மாவின் கலியாணத்தோடு வழக்கப்படி அவரும் அம்மம்மாவும் வளவின் பின்பக்கம் ஒரு கொட்டிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள். ஒதுங்கினது உடம்பு மட்டும்தான். கண் முழுவதும் இங்கேயே இருந்தது. வெட்டு மெசின் வராத காலம் அது. சூடடித்த நெல்லைக் களத்தில் குவித்தால் அதன் மேல் சாம்பலால் குறி போட்டுவிட்டுத்தான் சோறு தின்ன வருவோம். யாராவது குவியலில் கை வைத்தால் குறி கலையும். அது எல்லாக் களத்திலும் உள்ள வழக்கம், களவுக்கும் கண்ணூறுக்கும் போடுவது. உன் அம்மப்பா அதை வீட்டு ஆளுக்கும் போட்டார். நான் போட்ட குறிக்கு மேல் தானும் வந்து ஒன்று போடுவார். என் குறி பிறத்தியாருக்கு, அவருடைய குறி எனக்கு. மாமா என்று கூப்பிட்டுக்கொண்டே அவரை நான் எவ்வளவு வெறுத்தேன் என்று உன் அம்மாவுக்குக் கூடத் தெரியாது.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அவர் சந்தேகப்பட்டது பிழையில்லை. மூதூருக்குப் போகும்போதெல்லாம் வழியில் என் தாய் வீட்டில் ஏறுவேன். சைக்கிள் கைபிடியில் ஒரு பை தொங்கும். அதில் அரிசி இருக்கும், சிலவேளை பயறு இருக்கும். இந்த வீட்டில் யாருக்கும் சொல்லிவிட்டு நான் அதை எடுத்ததில்லை. கேட்டிருந்தால் உன் அம்மா அள்ளிக் கொடுத்திருப்பாள். ஆனால் மனைவி வீட்டு நெல்லைத் தாய்க்குக் கேட்டு வாங்குவது எனக்கு வெட்கமாக இருந்தது, எடுத்துக்கொண்டு போவது வெட்கமாக இருக்கவில்லை. மருமகன் என்றால் பை எப்படித் தொங்கும் என்று நான் படித்தது இப்படித்தான்.

இப்போது உன் அத்தானிடம் வருகிறேன். நிலாவெளியில் கரைவலை இழுக்கிற குடும்பத்திலிருந்து வந்த பிள்ளை. கடற்கரைக்காரனுக்கு வயல் என்ன தெரியும் என்று முதல் போகத்திலேயே குறை சொல்லத் தயாராக இருந்தேன். அவர் வரம்பு கட்டின வடிவைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அம்மா இருந்தவரை வீட்டில் எல்லாம் சரியாகத்தான் போனது. அக்காவின் கலியாணத்தின்போது வழக்கப்படி நாங்கள் பின்னுக்கு ஒதுங்கவேண்டும். அக்காதான் விடவில்லை, ஒரே வீட்டில் இருப்போம் என்றாள். வீட்டை அவள் பேருக்கு எழுதும்போது, சாகும்வரை எங்களுக்கு இருக்க உரிமை வைத்து எழுதுவோம் என்று நான் மெல்லச் சொன்னேன். "பெத்த பிள்ளையிட்ட உரிமை எழுதி வாங்கிறதோ?" என்று உன் அம்மா ஒரு பார்வை பார்த்தாள். அதோடு விட்டுவிட்டேன். அவள் போய்விட்டாள். அந்த எழுதாத வரி மட்டும் என் தலைக்குள் இருக்கிறது.

அவள் போன பிறகு நான் பார்க்கத் தொடங்கினேன். வேறு என்ன வேலை எனக்கு? ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அத்தான் தன் தாயைப் பார்க்க நிலாவெளிக்குப் போவார். மோட்டார் சைக்கிளில் ஒரு பை தொங்கும். போகும்போது புடைத்திருக்கும், வரும்போது தட்டையாக இருக்கும். வரும்போதும் ஒருநாள் புடைத்திருந்தது, அன்று கருவாடு. அப்படியென்றால் போகும்போது என்ன? நெல் குறைந்திருக்கிறதோ என்று சாக்குகளை அமத்திப் பார்ப்பேன். அலுமாரித் திறப்பின் மேல், யாராவது எடுத்தால் தெரியட்டும் என்று நூல் ஒன்றைப் போட்டு வைப்பேன். இவையெல்லாம் ஒரு கிழவனின் பொழுதுபோக்கு என்று நீ சிரிக்கலாம். நான் சிரிக்கவில்லை தம்பி. ராணுவ ஒழுங்கோடு செய்தேன்.

போன போகத்து நெல்லில் விதைக்கென்று கொஞ்சத்தை நடு அறையில் குவித்து வைத்திருந்தோம். அதன் மேல் நான் சாம்பல் குறி போட்டேன். களத்தில் போடுவதை வீட்டுக்குள் போட்டேன். யாரும் அப்படிச் செய்ததில்லை, செய்யவும் கூடாது. வீட்டுக்குள் குறி போட்டால் வீட்டில் கள்ளன் இருக்கிறான் என்று சொன்ன மாதிரி. அது எனக்குத் தெரியாமல் இல்லை. அடுத்த நாள் காலையில் பார்த்தால் குறி ஒரு பக்கம் கலைந்து கிடக்கிறது. நான் போட்ட சத்தத்தில் அக்கா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடி வந்தாள், அவளுக்குப் பின்னால் பிள்ளைகளும்.

"இது என்னப்பா?"

"குறி."

"வீட்டுக்குள்ளயோ? ஆருக்கு?"

"எலிக்கு."

"எலி குறி பார்த்தோ நெல்லுத் தின்னுறது?" என்றாள். அப்போதுதான் அவள் முகம் மாறியது. ஆருக்கு என்று அவள் கேட்ட கேள்விக்குப் பதில் அவளுக்கே கிடைத்துவிட்டது. "அப்பா, உங்களுக்கு விசரோ?"

உன் அத்தான் கிணற்றடியிலிருந்து துவாயால் தலையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். குவியலைப் பார்த்தார், சாம்பலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சேர்ட்டை மாட்டிக்கொண்டு வயலுக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். மத்தியானம் அந்தக் குவியலின் மேல் செவலைக் கோழி ஏறி நின்று கிளறியதை நானே கண்ணால் பார்த்தேன். அக்கா அதைப் பிடித்துக்கொண்டு வந்து, "இந்தாங்கோ உங்கட கள்ளன்" என்று என் மடியில் போட்டாள். கோழிதான். ஆனாலும் காலையில் வந்ததும் அதே கோழிதான் என்பதற்கு என்ன சாட்சி என்று அப்போதும் என் மனது கேட்டது.

அதற்குப் பிறகு வீடு அமைதியாகிவிட்டது. சண்டை என்றால் எனக்குப் பயமில்லை, அமைதி என்றால்தான் பயம். கொஞ்ச நாளில் ஒரு உழவு மெசின் பெட்டி நிறையச் சீமெந்துக் கல் வந்து பின் வளவில் இறங்கியது. உன் அத்தானும் ஒரு மேசனும் நாடா பிடித்து அளந்தார்கள். அளந்த இடம் எது தெரியுமோ? உன் அம்மப்பாவின் கொட்டில் இருந்த அதே இடம். அவர் அங்கேதான் என்னைத் திட்டிக்கொண்டே கண்ணை மூடினார்.

"என்ன மருமகன், மாட்டுக்கோ?" என்று கேட்டேன்.

"இல்லை மாமா. ஒரு சின்ன வேலை."

சின்ன வேலை! அக்காவைக் கேட்டேன். "முடியட்டும் அப்பா, சொல்லுறன்" என்றாள். முடிந்த பிறகு சொல்கிற விஷயம் நல்ல விஷயமாக இருக்குமா? சுவர்கள் எழும்பியதும், அவர்கள் இல்லாத பொழுது பார்த்துப் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு அறை, ஒரு சின்ன விறாந்தை, ஒரு குசினி. வாசற்படி தாழ்வாக இருந்தது. காலைத் தூக்க முடியாத கிழவனுக்கென்றே கட்டிய படி. ஜன்னல் என் மாட்டுப் பட்டியைப் பார்த்தபடி இருந்தது. வேறு யாருக்கு? எனக்குத்தான். குறி போட்டவனைக் குறிவைத்துவிட்டார்கள். அம்மாவின் டிரங்குப் பெட்டியை என் கட்டிலுக்கு அடியில் இழுத்து வைத்தேன். தூக்கிக்கொண்டு போனால் ஒழிய இந்த அறையை விட்டு நகர்வதில்லை என்று எனக்குள் சத்தியம் செய்துகொண்டேன். தம்பி, எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. உன்னிடம் வரலாம் என்றால் நீயே இன்னொருவர் வீட்டுக்குப் போகிறாய். எனக்குப் போவதற்கு வேறு வீடு இல்லை.

இந்தப் பயத்தோடுதான் உப்புவெளிக்குப் போனேன். உனக்குச் சொல்லவில்லை. உன்னையும் இப்படி ஒருநாள் தள்ளிவிடக்கூடிய ஆட்களா என்று பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. முந்தி மூதூர் இறங்குதுறையில் லாஞ்சில் ஏறினால் காற்று வாங்கிக்கொண்டே திருகோணமலையில் இறங்கலாம். இப்போது பாலங்கள் எல்லாம் வந்து பஸ்ஸிலேயே சுற்றிப் போகலாம். வசதிதான். ஆனால் லாஞ்சில் யார் நம்மைப் பார்க்கிறார்கள் என்று தெரியும், பஸ்ஸில் பின்னால் இருப்பவன் யார் என்று தெரியாது. டவுன் பஸ் நிலையத்தில் மாறி, உப்புவெளியில் இறங்கி, அவர்களுடைய ஒழுங்கை முனையிலுள்ள தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். அந்த நீலக் கேற் வீட்டு ஆட்கள் எப்படி, அயலோடு சண்டை சச்சரவு உண்டோ, மூத்த மருமகன் யாராவது இருந்து ஓடிப்போனானோ என்று.

"நீங்கள் மாப்பிள்ளைப் பகுதியோ?" என்றார் கடைக்காரர்.

"சீச்சீ. நான் மாடு பார்க்க வந்தனான்."

"உப்புவெளியிலயோ மாடு?"

எனக்குப் பின்னால் வாங்கில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த மனிதர் எழுந்தார். "வாங்கோ சம்பந்தி," என்றார், "மாட்டை வீட்டில காட்டுறன்." உன் வருங்கால மாமனார். நான் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒழுங்கையில் போகும்போது எனக்குத் தலை நிமிரவில்லை. அவர்தான் சிரித்துக்கொண்டே, "வெட்கப்படாதேங்கோ. நானும் போன மாசம் உங்கட ஊருக்கு வந்தனான், வைக்கல் வாங்கிற ஆள் மாதிரி" என்றார். "என்னட்ட மாடும் இல்லை, ஆடும் இல்லை."

உன் மாமியார் மீன் பொரித்து, சோறு போட்டார். எனக்கும் கேட்காமல் இன்னொரு துண்டு வைத்தார். அப்போதுதான் சம்பந்தி அந்தக் கதையை எடுத்தார்.

"நெல்லுக் குத்திற மில்லில உங்கட மருமகனைக் கண்டு கதைச்சனான். அவருக்கு நான் ஆரெண்டு விளங்கியிட்டுது போல. தங்கமான பிள்ளை. பின்னுக்கு வீடு கட்டி, தாங்கள் அங்க போகினமாம். பெரிய வீடு உங்களுக்காம்."

எனக்கு விளங்கவில்லை. "ஆர் போகினமாம்?"

"அவரும் மகளும் பிள்ளையளும்தான். பிள்ளையளின்ர சத்தம் மாமாவுக்கு ஒத்துக்கொள்ளுறதில்லை, அவர் நிம்மதியா இருக்கட்டும் எண்டு சொன்னவர். எனக்கும் அது சந்தோசம், சம்பந்தி. தம்பியும் எங்கட பிள்ளையும் வந்தாலும் பெரிய வீட்டில தங்க இடமிருக்குதானே."

நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு சொன்னார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அந்தத் தாழ்வான படி பேரப்பிள்ளைகளுக்கு. மாட்டுப் பட்டியைப் பார்க்கிற ஜன்னல், இருக்கிற சின்ன இடத்தில் வேறு பக்கம் வைக்க இடமில்லாததால். என்னை வெளியே தள்ள அல்ல, என் கண்ணிலிருந்து தப்பத்தான் கட்டியிருக்கிறார்கள். உன் அத்தான் ஒரு சொல் சொல்லியிருந்தால் இந்தக் கலியாணம் அன்றைக்கே நின்றிருக்கும். கிழவன் வீட்டுக்குள் சாம்பல் போடுகிறவன், அவனுக்குப் பிறந்தவனும் அப்படித்தான் இருப்பான் என்று சொல்லியிருந்தால் போதும். வேவு பார்க்க வந்த ஒரு மனிதரிடம், பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள் என்று தன் பிள்ளைகள் மேல் பழியைப் போட்டு என்னைக் காப்பாற்றியிருக்கிறார். திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஏன் அப்படிச் சொன்னார், இதில் அவருக்கு என்ன லாபம் என்று கின்னியாப் பாலம் வரை யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு யோசிக்கவில்லை, அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் யன்னலைச் சாத்திவிட்டார், தூசி என்று நினைத்து.

ஆகவே கேள். உன் மாமனார் நல்ல மனிதர், ஆனால் என் சாதி மனிதர். வைக்கோல் வாங்குகிறவன் மாதிரி வேஷம் போட்டு வந்தவர் கலியாணம் முடிந்ததும் திருந்திவிடுவார் என்று நினைக்காதே. நீ எத்தனை மணிக்கு வருகிறாய், யாரோடு பேசுகிறாய் என்று பார்ப்பார். பார்க்கட்டும். நீ எனக்கு எதையாவது கொண்டுவர நினைத்தால் அவர்கள் முன்னால் வைத்துப் பையைக் கட்டு. கேட்டு எடு. வெட்கமாகத்தான் இருக்கும், கேட்டு எடு. பெட்டிக்குப் பூட்டு வேண்டாம். மாமியார் மீன் வைத்தால் தின்னு. நான் தின்று பார்த்துவிட்டேன், அதில் ஒன்றும் இல்லை, நல்ல மீன். அந்த மனிதர் உன் மேல் ஒரு நாள் குறி போட்டால், என்னை மாதிரி மனதுக்குள் வைத்து வெறுத்துக்கொண்டு இராதே. உன் அத்தானை மாதிரி வாயை மூடிக்கொண்டு கல் இறக்கவும் வேண்டாம். "மாமா, இது எனக்கோ?" என்று நேரே கேள். இந்த வீட்டில் இரண்டு மருமக்கள் இருந்தோம், இரண்டு பேரும் அதைக் கேட்கவில்லை.

உப்புவெளியிலிருந்து வந்து நானும் ஒன்றும் கேட்கவில்லை. போகாதேங்கோ என்று சொல்லத்தான் நினைத்தேன். சொல்ல வாயெடுத்தால், உள்ளே ஒருவன் "ஏன், தனியாகப் பயமோ, இல்லை உன் கண்ணில் படாமல் அவர்கள் என்ன செய்வார்கள் என்று பயமோ?" என்று கேட்கிறான். என் மேல் எனக்கே நம்பிக்கை இல்லாதபோது அவர்களை என்னவென்று மறிப்பது?

நேற்றுக் காலை அவர்கள் இரண்டு பேரும் வெள்ளன வெளிக்கிட்டுக் கோயிலுக்குப் போனார்கள், பிறகு நிலாவெளிக்குப் போய் அவருடைய தாயிடம் சொல்லிவிட்டு வந்தார்கள். வழக்கமாகப் பின்பக்கத்தால்தான் உள்ளே வருவார்கள். நேற்று முன்வாசலால் வந்தார்கள். உன் அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் நின்றார். கையில் வெற்றிலைத் தட்டம். அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். இத்தனை வருஷம் இந்த வீட்டில் சாப்பிட்டுப் படுத்த மனிதருக்கு, "உள்ளுக்கு வாங்கோ" என்று நான் சொல்லவேண்டியிருந்தது. சொன்ன பிறகுதான் வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார்.

"மாமா, வியாழக்கிழமை காலமை பால் காய்ச்சுறம். நீங்கள் கட்டாயம் வரவேணும்" என்றார். வெளியாட்களைக் கூப்பிடுகிற அதே வார்த்தைகள். அதில் குத்தல் இருக்கிறதா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. மரியாதைதான் இருந்தது. நான் வெற்றிலையை எடுத்துக்கொண்டேன். அக்கா அழுகையை அடக்கிக்கொண்டு, "பெரிய வீடு உங்களுக்குத்தான் அப்பா. நிம்மதியா இருங்கோ" என்றாள்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மூதூர்க் கடைத்தெருவுக்குப் போய் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி வெறுங்கையோடு திரும்பி வந்திருக்கிறேன். கடைக்காரப் பிள்ளை, "ஐயா, ஆரின்ர வீட்டுக்கு?" என்று கேட்டான். மகளின் வீட்டுக்கு என்று சொன்னேன். என்னத்தைக் கொண்டுபோவது தம்பி? உன் அக்காவின் வீட்டுக்கு நான் இதுவரை விருந்தாளியாகப் போனதில்லை.

அப்பா